மாதாவின் கோலத்தில் மன்னரின் ஆசைநாயகி: பீட்டர் லீலியின் ஓவியத்தை எப்படிப் பார்ப்பது?

பதினேழாம் நூற்றாண்டு இங்கிலாந்தின் உருவப்படங்களைப் புரட்டினால் ஒரே முகம் திரும்பத் திரும்ப வருவது போல இருக்கும். நீள்வட்ட முகம், தோளில் புரளும் சுருள் கூந்தல், பாதி மூடியது போலச் சொக்கிய கண், உடம்பில் நிற்குமா நழுவுமா என்று தெரியாத பட்டு உடை. ஓர் அரண்மனையில் இந்த முகத்துக்கு ஒரு பெயர் போட்டிருப்பார்கள், இன்னொரு மாளிகையில் வேறு பெயர். ஏலத்துக்கு வரும்போது ஒரு படம் 'லீலி' என்றும், கிட்டத்தட்ட அதே படம் 'லீலியின் பட்டறை' என்றும் விற்கும். விலையில் பெரிய வித்தியாசம் இருக்கும். படத்தில் இருப்பவர் மன்னரின் மனைவியே இல்லை, ஆசைநாயகி என்று தெரியும்போது குழப்பம் இன்னும் கூடும். இவரை எதற்கு இத்தனை தடவை வரைந்தார்கள்? அதுவும் கன்னி மரியாள் கோலத்தில்?

லண்டன் நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரி 2005-ல் வாங்கிய ஒரே ஒரு படத்தை எடுத்துக்கொண்டு, அடிப்படையிலிருந்து பார்க்கலாம். இந்தப் படங்களை அழகுப் படங்களாக மட்டும் பார்ப்பது பெரிய இழப்பு. சட்டப்படி எந்த உரிமையும் இல்லாத ஒரு பெண், தனக்கும் தன் பிள்ளைகளுக்கும் அரசவையில் இடம் கேட்டுப் போட்ட மனுக்கள் அவை.

படத்தில் இருப்பது யார்

கித்தான் துணியில் எண்ணெய் வண்ணம். உயரம் சுமார் 125 சென்டிமீட்டர், அகலம் 102. வரைந்தவர் பீட்டர் லீலி, காலம் சுமார் 1664. சிவப்பு உடையும் நீல மேலாடையும் அணிந்த ஓர் இளம்பெண் ஒரு சிறு பிள்ளையை அணைத்துப் பிடித்திருக்கிறார். தேவாலயத்தில் மாட்டினால் மாதாவும் குழந்தை இயேசுவும் என்று யாரும் வணங்கிவிட்டுப் போவார்கள்.

அந்தப் பெண் பார்பரா வில்லியர்ஸ், மன்னர் இரண்டாம் சார்லஸின் ஆசைநாயகி. பிள்ளை, பெரும்பாலும் அவர்களுடைய மூத்த மகன் சார்லஸ் ஃபிட்ஸ்ராய். பார்பரா 1640-ல் பிறந்தார், 1659-ல் ரோஜர் பாமர் என்பவரை மணந்தார், அடுத்த ஆண்டே மன்னரோடு உறவு தொடங்கிவிட்டது.

அந்த 1660-ஐக் கொஞ்சம் விளக்க வேண்டும். சார்லஸின் தந்தையை 1649-ல் பொதுமக்கள் பார்க்கத் தலை வெட்டிக் கொன்றார்கள். பிறகு நாடு மன்னர் இல்லாத குடியரசாக இருந்தது, கிராம்வெல் ஆண்டார், இளவரசர் ஐரோப்பாவில் பஞ்சம் பிழைத்தார். 1660 மே மாதம் நாடாளுமன்றமே அவரைத் திரும்ப அழைத்தது. அதனால் அவருடைய ஆட்சியில் 'நாங்கள் திரும்ப வந்துவிட்டோம்' என்று கண்ணுக்குத் தெரியும்படி காட்டுவது அவசியமாக இருந்தது. அரண்மனை, நாடகம், உடை, ஓவியம் எல்லாமே அந்த வேலையைச் செய்தன. லீலியை எடுத்துக்கொள்ளுங்கள். கிராம்வெல்லை வரைந்த அதே கை, 1661-ல் மன்னரின் தலைமை ஓவியராக நியமிக்கப்பட்டது. சம்பளம் ஆண்டுக்கு 200 பவுண்டு.

ஆசைநாயகி என்பது ஒரு பதவியா?

சட்டத்தில் இல்லை, நடைமுறையில் உண்டு. ராணி என்பவர் திருமணத்தால் வருகிறார், அந்தத் திருமணம் இரண்டு நாடுகளுக்கு இடையிலான ஒப்பந்தம். சார்லஸ் 1662-ல் மணந்த போர்த்துகீசிய இளவரசி கேத்தரின் கொண்டுவந்த சீதனத்தில் பம்பாயும் டான்ஜியரும் இருந்தன. பம்பாயை மன்னர் 1668-ல் ஆண்டுக்கு 10 பவுண்டு வாடகைக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் கொடுத்தார் என்பது நமக்குத் தெரிந்த கதை. ராணியின் இடம் அப்படி ஒப்பந்தத்தில் எழுதப்பட்டது. ஆசைநாயகியின் இடமோ மன்னரின் ஆசையைப் பொறுத்தது, நாளைக்கே போகலாம். ஆகவே இருக்கும்போதே அதை எழுத்தாக, நிலமாக, பட்டமாக மாற்றிக்கொள்ள வேண்டும். பார்பரா செய்தது அதைத்தான்:

1. 1661-ல் கணவருக்கு காசில்மெய்ன் பிரபு பட்டம் வாங்கப்பட்டது. அதை பார்பரா வயிற்றில் பிறக்கும் வாரிசுகளுக்கு மட்டும் என்று எழுதினார்கள், அதாவது கணவர் வேறொரு பெண்ணை மணந்து பிள்ளை பெற்றாலும் அந்தப் பிள்ளைக்குப் பட்டம் போகாது. ஊருக்கே காரணம் புரிந்தது. இங்கிலாந்துப் பட்டமாக இருந்தால் மந்திரி கிளாரன்டனின் முத்திரை வேண்டும், அவர் மறுப்பார் என்பதால் அயர்லாந்துப் பட்டமாகக் கொடுத்தார்கள்.

2. 1662-ல் புது ராணியின் அந்தரங்கத் தோழியர் குழுவில் பார்பராவை மன்னர் சேர்த்தார். ராணி பட்டியலில் பெயரைப் பார்த்ததும் அடித்துவிட்டார். ஆனாலும் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் மன்னரே பார்பராவைக் கையைப் பிடித்து அழைத்து வந்து அறிமுகம் செய்ய, ராணிக்கு மூக்கில் ரத்தம் வந்து மயங்கி விழுந்தார் என்று கிளாரன்டன் எழுதி வைத்திருக்கிறார். கடைசியில் ராணி பணிந்தார். அவரோடு வந்த போர்த்துகீசியப் பெண்களில் பெரும்பாலோர் ஊருக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள். இருபத்து மூன்று வயதில், மொழி தெரியாத நாட்டில், அந்தப் பெண் எதிர்கொண்டதை நினைத்தால் மனசு கனக்கிறது.

3. பணம். தபால் துறை வருமானத்திலிருந்து பார்பராவுக்கு ஆண்டுக்கு 4,700 பவுண்டு ஒதுக்கப்பட்டது. நாட்டின் தலைமை ஓவியருடைய 200 பவுண்டோடு இதை வைத்துப் பாருங்கள்.

4. 1670-ல் பார்பரா தன் சொந்தப் பெயரிலேயே கிளீவ்லாந்து டச்சஸ் ஆனார். எட்டாம் ஹென்றி கட்டிய நான்சச் அரண்மனையும் கைக்கு வந்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் அதை இடித்து, கல்லையும் மரத்தையும் விற்றுவிட்டார். டியூடர் காலக் கட்டடக் கலையின் பெரிய அற்புதம் ஒன்று அப்படிப் போனது, இன்று அங்கே புல்வெளிதான்.

பட்டமும் பணமும் காகிதத்தில் இருந்தன. அவற்றைக் கண்ணுக்குக் காட்ட ஓவியம் வேண்டியிருந்தது.

எண்ணெய் வண்ணம் ஏன்?

நீர் வண்ணத்தில் நீர் ஆவியாகிக் காயும். ஆளிவிதை எண்ணெயில் நிறமியைக் குழைத்தால் அப்படிக் காயாது, எண்ணெய் காற்றிலுள்ள ஆக்சிஜனோடு சேர்ந்து மெல்ல மெல்ல இறுகும். மேற்பரப்பு தொட முடிகிற அளவுக்கு வர நாள் கணக்கோ வாரக் கணக்கோ ஆகும், உள்ளே முழுதாக இறுக வருடங்கள் ஆகும். இந்தத் தாமதத்தால் ஓவியருக்கு நேரம் கிடைக்கிறது: ஈரம் இருக்கும்போதே ஒரு நிறத்தை இன்னொன்றுக்குள் இழைக்கலாம், கன்னத்தின் சிவப்பு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியாமல் கலக்கலாம், காய்ந்த பிறகு மேலே கண்ணாடி போன்ற மெல்லிய படலம் பூசி ஆழம் கொடுக்கலாம். தோலையும் பட்டையும் முத்தையும் ஒரே பரப்பில் வேறு வேறாக மினுங்க வைக்க இதைவிடப் பொருத்தமான ஊடகம் அன்று இல்லை. லீலியின் பலமே தோலும் பட்டும்தான்.

நிறமிகளைப் பொறுத்தவரை, வெள்ளைக்கு ஈய வெள்ளை, சிவப்புக்கு சாதிலிங்கம், மண்ணிறங்களுக்குக் காவி வகைகள். நீலம்தான் தொல்லை. ஆப்கானிஸ்தானின் பதக்‌ஷானிலிருந்து வரும் நீலக்கல்லை அரைத்து எடுக்கும் நீலம் கடும் விலை. அதற்குப் பதில் கோபால்ட் கலந்த கண்ணாடியை அரைத்த மலிவு நீலம் அந்தக் காலத்தில் பரவலாகப் புழங்கியது, ஆனால் எண்ணெயில் அது நாள்பட வெளிறிச் சாம்பல் நிறமாகும். மேலே பூசிய வார்னிஷும் மஞ்சளாகும். ஆகவே பழைய படத்தில் வானம் அழுக்காகவோ மேலாடை பச்சையாகவோ தெரிந்தால் ஓவியர் அப்படித்தான் வரைந்தார் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. 350 ஆண்டு வேதியியலும் சேர்ந்துதான் அந்த நிறம்.

லீலியின் பட்டறை

லீலி ஜெர்மனியின் வெஸ்ட்பாலியாவில் டச்சுப் பெற்றோருக்கு 1618-ல் பிறந்தவர். ஹார்லெமில் தொழில் பழகி 1640-களின் தொடக்கத்தில் லண்டன் வந்தார். மன்னராட்சி திரும்பியதும் எல்லாப் பிரபுக்களும் படம் கேட்டார்கள், ஒரு மனிதரின் கை எத்தனை வரையும்? அதனால் வேலையைப் பிரித்தார்.

முகத்தை அவரே வரைவார். உடல் நிலைகளுக்கு எண் போட்டு வைத்திருந்தார், வாடிக்கையாளர் எந்த அளவில் எந்த எண் என்று தேர்ந்தெடுக்கலாம். உடைக்கு ஓர் உதவியாளர், பின்னணி மரம் மலைக்கு இன்னொருவர். விலையும் அளவைப் பொறுத்தது: 1670-களில் தலை மட்டும் என்றால் 20 பவுண்டு, அரை உருவம் 30, முழு உருவம் 60. 1680-ல் அவர் இறந்தபோது பாதி முடிந்த படங்கள் பட்டறையில் ஏராளமாகக் கிடந்தன, அவற்றை உதவியாளர்கள் முடித்துக் கொடுத்தார்கள்.

இதை மோசடி என்று நினைக்க வேண்டாம். அன்றைய வாடிக்கையாளர் வாங்கியது லீலியின் வீட்டுச் சரக்கை, ஒவ்வொரு தூரிகை வீச்சும் அவர் கையால் வர வேண்டும் என்ற எதிர்பார்ப்பு பின்னாளில் வந்தது.

படங்களில் வரும் அந்த நழுவும் பட்டு உடைகூட அப்போது தெருவில் போட்ட உடை இல்லை. துணியைச் சுற்றி ஊசி குத்தி நிறுத்திய கற்பனை உடை. நிஜ உடையை வரைந்தால் பத்து வருடத்தில் நாகரிகம் மாறி, படம் பழசாகிவிடும், இது பழசாகாது. பட்டறைக்கும் வசதி, ஒரே துணியை யார்மீது வேண்டுமானாலும் போடலாம்.

முகங்கள் ஒன்றுபோல இருப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பார்பராதான் அன்றைய அழகின் அளவுகோல். அவருடைய சொக்கிய கண்ணை லீலி எல்லாப் பெண்களுக்கும் வைத்துவிட்டார் என்று அந்தக் காலத்துக்குச் சற்றுப் பின்னாலேயே குறை சொன்னார்கள். மற்ற பெண்களும் அதைத்தான் விரும்பியிருப்பார்கள் என்பது என் கணிப்பு, பணம் கொடுத்துப் படம் எடுப்பவர் அவையில் ஜெயித்த முகத்தோடு ஒத்துப்போகவே ஆசைப்படுவார்.

பெயர் அட்டையில் உள்ள சொற்கள்

ஏலச் செய்திகளில் குழப்பம் வரும் இடம் இதுதான்.

1. 'பீட்டர் லீலி' என்று மட்டும் இருந்தால், முக்கியமான பகுதிகள் அவர் கையால் என்று நிபுணர்கள் ஏற்கிறார்கள்.
2. 'லீலியுடையதாகக் கருதப்படுவது' என்றால், பெரும்பாலும் அவர்தான், ஆனால் உறுதி போதவில்லை.
3. 'லீலியின் பட்டறை' என்றால், அவர் உயிரோடு இருந்தபோது அவர் கூடத்தில் உதவியாளர்கள் செய்தது. அவர் மேற்பார்வை இருந்திருக்கலாம்.
4. 'லீலியின் வட்டம்' என்றால், அதே காலத்தில், அவர் செல்வாக்கில் வேலை செய்த யாரோ.
5. 'லீலி பாணி' என்றால், அவரைப் போல வரைந்தது, பெரும்பாலும் பிற்காலத்தது.
6. 'லீலியின் படத்தைப் பார்த்து' என்றால், இருக்கும் ஒரு படத்தின் பிரதி.

எப்படிப் பிரிக்கிறார்கள்? ஈய வெள்ளை எக்ஸ்ரேயைத் தடுக்கும், அதனால் எக்ஸ்ரே படத்தில் மேலே தெரியாத பழைய வடிவம் தெரியும். கையை ஓரிடத்தில் வரைந்து பிறகு நகர்த்தியிருந்தால், யோசித்து வரைந்திருக்கிறார், முதல் படமாக இருக்க வாய்ப்பு அதிகம். பிரதி எடுப்பவருக்கு அந்த யோசனை தேவைப்படாது, நேராக முடிந்த வடிவத்தையே வரைவார். அகச்சிவப்புக் கதிரில் அடியிலுள்ள கரிக்கோடுகள் தெரியும். 1664 படத்தில் பத்தொன்பதாம் நூற்றாண்டு நிறமி அகப்பட்டால், ஒன்று பின்னாளில் திருத்தியிருக்கிறார்கள், அல்லது படமே பின்னாளையது. அப்புறம் கடைசியாகக் கைமாறிய வரலாறு: யார் வீட்டுச் சொத்துப் பட்டியலில் எந்த ஆண்டு இருந்தது என்று காகிதம் காகிதமாகத் தேடுவது.

வரைந்தவரைவிட வரையப்பட்டவர் விஷயத்தில் தப்பு இன்னும் அதிகம். படத்தின் மூலையில் எழுதியிருக்கும் பெயர் பல நேரம் அடுத்த நூற்றாண்டுச் சொந்தக்காரர் எழுதியது. நெல் க்வின், நாடக அரங்கில் ஆரஞ்சு விற்று, நடிகையாகி, மன்னரின் காதலியானவர். மக்களுக்குப் பிடித்த கதை என்பதால் பெயர் தெரியாத அழகிகளுக்கெல்லாம் அவர் பெயரை ஒட்டிவிட்டார்கள். லீலியின் ஒரு நிர்வாணப் படம், வீனஸும் மன்மதக் குழந்தையும், நெல் க்வின் என்றே நெடுங்காலம் சொல்லப்பட்டது. இல்லை, அது பார்பரா என்று வாதிடும் ஆய்வாளர்களும் உண்டு. ஆகவே 'நெல் க்வின்' என்று யாராவது எழுதியிருந்தால் முதலில் சந்தேகப்படுங்கள்.

ஒரு பெண், பல வேடங்கள்

வேறொருவர் கோலத்தில் படம் எடுத்துக்கொள்ளும் வழக்கம் டச்சு நாட்டில் ஏற்கெனவே ஊறியது. பிரபு வீட்டுப் பெண் தேவதையாகவோ இடைச்சியாகவோ புனிதராகவோ தோன்றலாம். லீலியின் பார்பரா படங்களை வரிசையாக வைத்தால் அவருடைய வாழ்க்கைப் பாதையே தெரிகிறது.

சுமார் 1662-ல், தலையைக் கையில் சாய்த்து, கூந்தல் அவிழ்ந்து விழ, மகதலா மரியாளின் நிலை. பாவம் செய்து மனம் வருந்திய புனிதரின் கோலம். மன்னரோடு வாழும் பெண்ணுக்கு இதைவிடச் சாமர்த்தியமான வேடம் இருக்க முடியாது, ஊர் சொல்லும் பழியை ஒத்துக்கொண்ட மாதிரியும் ஆகிறது, புனிதத்தைப் பிடித்துக்கொண்ட மாதிரியும் ஆகிறது. இந்தப் படத்துக்குப் பிரதிகள் ஏராளம்.

சுமார் 1665-ல், ரோமானியப் போர்த்தெய்வம் மினர்வா. கையில் ஈட்டி, பக்கத்தில் மெடூசா தலை பொறித்த கேடயம், பின்னால் கருமேகம். மன்னரின் தம்பி மனைவி ஆன் ஹைட் அரசவை அழகிகளை வரிசையாக வரையச் சொன்ன தொகுப்பில் இது ஒன்று. 'வின்ட்சர் அழகிகள்' என்று பெயர், இப்போது ஹாம்ப்டன் கோர்ட்டில் இருக்கிறது. மூன்றே வருடத்தில் வருந்தும் பெண் போர்த்தெய்வமாகிவிட்டார். மந்திரி கிளாரன்டனோடு அவருக்கு நடந்த பகையை அறிந்தவர்களுக்கு அந்த ஈட்டி வெறும் அலங்காரமாகத் தெரிந்திருக்காது. 1667-ல் கிளாரன்டன் பதவி இழந்து வெளியேறியபோது, பார்பரா அதைப் பார்த்து மகிழ்ந்தார் என்று அந்தக் கால நாட்குறிப்பு சொல்கிறது.

இந்த இரண்டுக்கும் நடுவில் வருவதுதான் மாதா படம்.

மாதா கோலம்: ஏன் அது அத்துமீறல்?

வழக்கமான வேடப் படம்தானே என்று சிலர் இதைக் கடந்து போவார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை, மூன்று காரணங்கள்.

1. பிள்ளையின் தகப்பன் யார் என்ற கேள்வி. சார்லஸ் ஃபிட்ஸ்ராய் 1662 ஜூனில் பிறந்தபோது, கணவர் பாமர் தன் பிள்ளை என்ற முறையில் கத்தோலிக்கச் சடங்குப்படி ஞானஸ்நானம் கொடுத்துவிட்டார். பார்பரா கொதித்தார். சில நாளில் வெஸ்ட்மின்ஸ்டர் புனித மார்கரெட் தேவாலயத்தில் ஆங்கிலிக்கன் முறையில் மறுபடி ஞானஸ்நானம், மன்னரே ஞானத்தந்தையாக நின்றார். அதோடு கணவனும் மனைவியும் பிரிந்தார்கள். இப்போது படத்தைப் பாருங்கள். மரியாளின் கதையில் வீட்டில் ஒரு கணவர் உண்டு, பிள்ளையின் தந்தை அவர் இல்லை, தந்தை எல்லாருக்கும் மேலானவர். அன்றைய அவையில் இந்த ஒப்புமை புரியாத ஆள் இருந்திருக்க மாட்டார். பிள்ளை யாருடையது என்று வாயால் சொல்ல முடியாததைப் படம் சொல்லிவிடுகிறது.

2. ராணி. கேத்தரினுக்குக் குழந்தை தங்கவில்லை, கருச்சிதைவுகளே நேர்ந்தன. தாயும் ஆண் குழந்தையும் என்ற படம் ஒரு ராணிக்கு உரியது. அந்த இடத்தில் பார்பரா உட்கார்ந்துகொண்டார். யாக்கோப் ஹாய்ஸ்மன்ஸ் என்ற ஓவியர் ராணியை இடைச்சியாகவும் புனித கேத்தரினாகவும் வரைந்தார், அவற்றை 1664-ல் பார்த்தவர்கள் குறித்து வைத்திருக்கிறார்கள். லீலியின் கையால் பார்பராவும் இடைச்சியாகவும் புனித கேத்தரினாகவும் இருக்கிறார். ராணியின் பெயருக்கே உரிய புனிதரைக்கூட விட்டுவைக்கவில்லை. இரண்டு பெண்கள், இரண்டு ஓவியர்கள், ஒரே வேடங்கள். அரண்மனையில் நடந்த போட்டி கித்தானிலும் நடந்தது.

3. மதம். இங்கிலாந்து புராட்டஸ்டன்ட் நாடு. 1643-ல் நாடாளுமன்றம் தேவாலயங்களிலிருந்த மாதா உருவங்களை அழிக்கச் சட்டம் போட்டது, கண்ணாடி ஜன்னல்களை உடைத்தார்கள், சிலைகளின் தலையைக் கொய்தார்கள். இருபது ஆண்டு கழித்து அதே நாட்டில் மன்னரின் காதலி மாதாவாக நிற்கிறார், அதுவும் 1663 கடைசியில் கத்தோலிக்கராக மாறியவர். புராட்டஸ்டன்ட்காரருக்கு இது சிலை வழிபாடு, கத்தோலிக்கருக்கு இது நிந்தனை.

கத்தோலிக்கர் பக்கத்துக்கு ஒரு கதை சொல்வார்கள். இந்தப் படத்தின் பிரதி ஒன்று பிரான்சில் ஒரு கன்னியர் மடத்துக்குப் பீடப் படமாகப் போனதாம். படத்தில் இருப்பது யார் என்று தெரிந்ததும் கன்னியர் திருப்பி அனுப்பிவிட்டார்களாம். பதினெட்டாம் நூற்றாண்டில் எழுதப்பட்ட செவிவழிக் கதை இது, நடந்ததற்குச் சாட்சியாக இதை எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் படத்தை மக்கள் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்பதற்கு இது நல்ல சாட்சி.

படம் தெருவுக்கு வருகிறது

ஒரு மூலப்படம் அரண்மனைச் சுவரில் இருந்தால் நூறு பேர் பார்ப்பார்கள். பிரதிகள் பிரபுக்களின் மாளிகைகளுக்குப் போகும். செப்புத் தகட்டில் செதுக்கி அச்சடித்தால் கடைக்கே வந்துவிடும். கடற்படை அதிகாரி சாமுவேல் பீப்ஸ் 1662-ல் லீலி வீட்டில் பார்பரா படத்தைப் பார்த்து, எப்படியும் இதற்கு ஒரு பிரதி வாங்க வேண்டும் என்று நாட்குறிப்பில் எழுதினார். 1666-ல் வில்லியம் ஃபெய்தோர்ன் லீலி படத்தைத் தழுவி அச்சுப்படம் போட்டதும் போய் வாங்கினார். மன்னரின் காதலியை மனதார ரசித்த ஒரு நடுத்தர அரசு ஊழியர், அவர் முகத்தைக் காசு கொடுத்து வீட்டுக்குக் கொண்டு வருகிறார். அரசியல்வாதி படத்தை நாள்காட்டியில் மாட்டுகிற பழக்கம் நமக்கும் உண்டே, அதே மாதிரிதான்.

முகம் பரவினால் வசையும் பரவும். 1668 ஈஸ்டர் வாரத்தில் லண்டன் தொழிற்பயிலுநர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டு விபசார விடுதிகளை இடித்தார்கள். சிறிய விடுதிகளை இடித்து என்ன பயன், வைட்ஹாலில் உள்ள பெரிய விடுதியை அல்லவா இடிக்க வேண்டும் என்று பேச்சு எழுந்தது. வைட்ஹால் என்பது மன்னரின் அரண்மனை. ஏழைப் பெண்கள் பார்பராவிடம் பாதுகாப்புக் கேட்பது போல ஒரு நையாண்டி மனுவும் அச்சாகி உலவியது. அரசு இதை வெறும் கலவரமாக எடுத்துக்கொள்ளவில்லை, ராஜதுரோகம் என்று நான்கு பேருக்கு மரண தண்டனை நிறைவேற்றியது. கொள்ளைநோய், 1666 தீ விபத்து, 1667-ல் டச்சுக்காரர் மெட்வே ஆற்றுக்குள் புகுந்து கப்பல்களை எரித்தது என்று அடுக்கடுக்காக அடி வாங்கிய நகரம் அது. வரிப்பணம் எங்கே போகிறது என்ற கோபத்துக்கு ஒரு முகம் தேவைப்பட்டது, எல்லாருக்கும் தெரிந்த முகம் லீலி வரைந்த முகம்தான். கோபம் மன்னர் மீது போகாமல் ஒரு பெண் மீது போனது மன்னருக்கு வசதியாகவும் இருந்தது.

அடுத்து வந்தவர், அடுத்த படம்

1670-களில் பார்பராவின் இடத்தை லூயிஸ் டி கெரூவால் பிடித்தார். பிரான்சிலிருந்து வந்தவர், 1673-ல் போர்ட்ஸ்மவுத் டச்சஸ். பிரெஞ்சு மன்னரின் ஆள் என்று லண்டன் அவரைக் கடுமையாக வெறுத்தது. அவர் 1682-ல் பாரிஸ் போனபோது பியர் மின்யார் வரைந்த படமும் இன்று நேஷனல் போர்ட்ரெய்ட் கேலரியில் உண்டு.

இதில் புனிதர் வேடம் இல்லை, செல்வம் மட்டும்தான். பின்னால் கடல். பக்கத்தில் ஒரு கறுப்பினச் சிறுமி, கழுத்தில் முத்துமாலை, கையில் பவழமும் முத்து நிறைந்த சிப்பியும் நீட்டுகிறாள். டச்சஸின் கை அவள் தோளில். இதைப் பாசம் என்று எழுதியவர்கள் உண்டு, அப்படி எழுதக் கூடாது. ராயல் ஆப்பிரிக்கன் கம்பெனிக்கு 1672-ல் அரச சாசனம் கிடைத்தது, அதன் தலைவர் மன்னரின் தம்பி ஜேம்ஸ், ஆப்பிரிக்கர்களை அடிமைகளாகக் கரீபியத் தீவுகளுக்குக் கப்பலேற்றியது அதன் தொழில். முத்து, பவழம், குழந்தை மூன்றுமே கடல் கடந்து வந்த உடைமைகளாக அந்தப் படத்தில் அடுக்கப்பட்டிருக்கின்றன. டச்சஸின் தோல் வெளுப்பைத் தூக்கிக் காட்டவும் அந்தச் சிறுமியைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். அவள் பெயர் பதிவாகவில்லை. ஓவியரின் கற்பனையோ, டச்சஸ் வீட்டில் இருந்த நிஜக் குழந்தையோ, எதுவானாலும் அட்டையில் டச்சஸ் பெயருக்குக் கீழே அவளைப் பற்றியும் எழுதுவது அருங்காட்சியகத்தின் கடமை.

பிள்ளைகளுக்குக் கிடைத்தது என்ன?

மாதா படம் கேட்டது கிடைத்ததா என்றால், அரியணை கிடைக்கவில்லை, மற்றதெல்லாம் கிடைத்தது.

மணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை இங்கிலாந்தில் அரசனாக முடியாது. மன்னரின் வேறொரு உறவில் பிறந்த மான்மவுத் பிரபு அதை மீறப் பார்த்தார், 1685-ல் கலகம் செய்து தோற்று அதே ஆண்டு தலையை இழந்தார். பார்பராவின் பிள்ளைகள் அந்த வழிக்குப் போகவில்லை. படத்தில் இருக்கும் சார்லஸ் 1675-ல் சவுத்தாம்ப்டன் டியூக் ஆனார், 1709-ல் தாய் இறந்ததும் கிளீவ்லாந்து பட்டமும் அவருக்கே வந்தது. தம்பி ஹென்றி கிராஃப்டன் டியூக், 1690-ல் அயர்லாந்தின் கார்க் நகர முற்றுகையில் இறந்தார். கடைசித் தம்பி ஜார்ஜ் நார்தம்பர்லாந்து டியூக். மூன்று மகன்களுக்கும் நாட்டின் மிக உயர்ந்த பட்டம்.

மூத்த மகன் சார்லஸின் ஆண்வழி வம்சம் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே நின்றுவிட்டது. கிராஃப்டன் பட்டம் மட்டும் இன்றுவரை தொடர்கிறது. 1768 முதல் 1770 வரை பிரிட்டன் பிரதமராக இருந்த அகஸ்டஸ் ஃபிட்ஸ்ராய், ஹென்றியின் கொள்ளுப்பேரன். பார்பராவுக்குத் தபால் துறையிலிருந்து ஒதுக்கிய அந்த 4,700 பவுண்டு, கிராஃப்டன் குடும்பத்துக்குப் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை போய்க்கொண்டிருந்தது. இளவரசி டயானா, கிராஃப்டன் வழியாக பார்பராவுக்கும், ரிச்மண்ட் டியூக்குகள் வழியாக லூயிஸுக்கும் வாரிசு. ஆக இருவரின் ரத்தமும் இளவரசர் வில்லியமிடம் இருக்கிறது.